பிரீமியம் திரையில் கூடுதல் கட்டணம் எதற்குப் போகிறது?

ஒரே வளாகத்தில், ஒரே படத்துக்கு, ஏறத்தாழ ஒரே நேரத்துக் காட்சிக்கு இரண்டு விலைகள் இருப்பது இப்போது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. விலை கூடிய அரங்கின் விளம்பரத்தில் வரும் சொற்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன: ராட்சதத் திரை, லேசர் ஒளி, உடலை அதிரவைக்கும் ஒலி, இயக்குநர் மனதில் கண்ட அதே காட்சி. ஐமாக்ஸ், டால்பி சினிமா ஆகிய இரண்டும் இந்தச் சந்தையின் பெரிய பெயர்கள். இவை போக, சினிமார்க் நிறுவனத்தின் எக்ஸ்டி, ரீகல் நிறுவனத்தின் ஆர்பிஎக்ஸ் என்று திரையரங்கு நிறுவனங்கள் தாங்களே பெயர் சூட்டிய அரங்குகளும் நிறைய உண்டு. இந்த விளம்பரங்கள் மெய்யா பொய்யா என்று ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது. ஏனென்றால், ஒன்றோடொன்று நேரடித் தொடர்பில்லாத பல அம்சங்கள் அந்த ஒற்றைப் பெயருக்குள் வைத்து விற்கப்படுகின்றன. திரையின் அளவு, படத்தின் நுணுக்கம், சட்டகத்தின் வடிவம், வெளிச்சம், கறுப்பின் ஆழம், ஒலி, பராமரிப்பு ஆகிய ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்க்கும்போது, பார்வையாளர் உண்மையிலேயே உணரும் வேறுபாட்டில் கணிசமான பகுதி, எந்தச் சாதாரண அரங்கும் தர வேண்டிய தரத்தை ஒழுங்காகத் தருவதிலிருந்து வருகிறது என்பது தெரியவரும்.

திரையைப் பெரிதாக்கிக் கூட்டத்தை இழுக்கும் உத்தி பழையது. அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சி நுழைந்து திரையரங்குகளைக் காலியாக்கத் தொடங்கியபோது, 1952இல் மூன்று புரொஜக்டர்களை ஒருங்கே ஓட்டி வளைந்த திரையில் காட்டும் சினிராமா வந்தது. அடுத்த ஆண்டே சினிமாஸ்கோப் வந்தது. ஐமாக்ஸின் கதை கொஞ்சம் வேறு. 1967இல் மான்ட்ரியல் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் பல புரொஜக்டர்களைச் சேர்த்துப் பெரிய காட்சிகளை உருவாக்கிய கனடா நாட்டுக் கலைஞர்கள், அந்தச் சிக்கலான ஏற்பாட்டுக்கு மாற்றாக ஒரே புரொஜக்டரில் அதைவிடப் பெரிய படத்தைக் காட்ட முயன்றார்கள். அதன் விளைவு 1970இல் ஒசாகா கண்காட்சியில் திரையிடப்பட்டது; 1971இல் டொரான்டோவில் முதல் நிரந்தர அரங்கு திறந்தது. 70 மில்லிமீட்டர் படச்சுருளைச் செங்குத்தாக ஓட்டாமல் கிடைமட்டமாக ஓட்டி, ஒரு சட்டகத்துக்கு 15 துளைகள் என்று வகுத்ததால், சட்டகத்தின் பரப்பு வழக்கமான 35 மில்லிமீட்டர் சட்டகத்தைப் போல எட்டு, ஒன்பது மடங்காகிறது. அவ்வளவு பெரிய சுருளைப் பற்களால் இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால், அதை அலைபோல் நெளியவிட்டு நகர்த்தும் முறையைக் கையாண்டார்கள். ஒவ்வொரு சட்டகமும் ஒளி படும் கணத்தில் காற்று உறிஞ்சப்பட்டு லென்ஸின் பின்புறக் கண்ணாடியோடு ஒட்டி நிற்கும். ஆறேழு மாடி உயரத் திரையிலும் படம் துளிகூட நடுங்காமல் நின்றதற்கு இதுதான் காரணம். ஐமாக்ஸ் என்ற பெயருக்குக் கிடைத்த மதிப்பு இந்த இயந்திரம் சம்பாதித்துக் கொடுத்தது.

அந்தப் பெயர் இன்று குறிப்பது பெரும்பாலும் இந்த இயந்திரத்தை அல்ல. படச்சுருள் பிரதி ஒன்றின் செலவும் எடையும் வணிகப் படங்களுக்குத் தாங்காதவை. 2023இல் வெளிவந்த 'ஓப்பன்ஹைமர்' படத்தின் ஐமாக்ஸ் சுருள் சுமார் 11 மைல் நீளமும் ஏறத்தாழ 600 பவுண்டு எடையும் கொண்டிருந்தது. உலகில் 1,700க்கும் மேற்பட்ட ஐமாக்ஸ் அரங்குகள் இருந்த அந்த ஆண்டில், அந்தப் பிரதியைத் திரையிட்ட இடங்கள் வெறும் 30. எஞ்சிய அரங்குகள் டிஜிட்டல் முறையில் இயங்குபவை. 2008 முதல், ஏற்கெனவே இருந்த மல்டிபிளெக்ஸ் அரங்குகளின் முன்வரிசைகளை எடுத்துவிட்டுத் திரையை முன்னே நகர்த்தி, சுவர் முழுவதும் விரித்து, இரண்டு 2கே (குறுக்காகச் சுமார் இரண்டாயிரம் பிக்சல்) புரொஜக்டர்களைப் பொருத்தி அதே பெயரில் நுழைவுச்சீட்டு விற்கும் வழி திறந்தது. அமெரிக்காவில் 2009இல் அஜீஸ் அன்சாரி என்ற நகைச்சுவைக் கலைஞர் இதைக் கண்டித்து எழுதியதும் சர்ச்சை வெடித்தது. ரசிகர்கள் அந்த அரங்குகளுக்கு 'லைமாக்ஸ்' ('லை' என்றால் ஆங்கிலத்தில் பொய்) என்று பட்டப்பெயரே வைத்தார்கள். சுருள் அரங்குக்கும் மாற்றியமைக்கப்பட்ட அரங்குக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்ற கோரிக்கையை நிறுவனம் ஏற்கவில்லை. வணிகக் கணக்கில் அந்த முடிவைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அன்று தொடங்கிய குழப்பம் இன்றுவரை தீரவில்லை. இப்போது அந்த ஒரே பெயரின்கீழ் 70 மில்லிமீட்டர் சுருள், இரட்டை 4கே லேசர், ஒற்றை லேசர், பழைய செனான் விளக்கு 2கே என்று குறைந்தது நான்கு வகை ஏற்பாடுகள் இருக்கின்றன.

திரையின் அளவைப் பற்றி விளம்பரம் மீட்டரில் பேசுகிறது. கண்ணுக்குத் தெரிவதோ பாகை மட்டுமே. திரை பார்வையில் எத்தனை பாகை இடத்தை நிரப்புகிறது என்பது அதன் அகலத்தையும் இருக்கையின் தூரத்தையும் சேர்த்தே முடிவாகிறது. 22 மீட்டர் அகலத் திரையை 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அது சுமார் 40 பாகையை நிரப்பும். பக்கத்து அரங்கின் 12 மீட்டர் திரையை 10 மீட்டர் தூரத்தில் பார்த்தால் சுமார் 62 பாகை. அதாவது, பெரிய அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது, சிறிய அரங்கின் நடுவரிசைக்காரருக்குக் கிடைப்பதைவிடச் சிறிய படம். அரங்குகளுக்குத் தரச்சான்று அளித்துவந்த டிஎச்எக்ஸ் அமைப்பு கடைசி வரிசையிலும் சுமார் 36 பாகை இருப்பது நல்லது என்று பரிந்துரைத்தது. பழைய ஐமாக்ஸ் அரங்குகளின் சிறப்பு, இருக்கைகளைச் செங்குத்தான படிகளில் திரைக்கு மிக அருகிலேயே அடுக்கியதால் கடைசி வரிசைக்குக்கூடப் பார்வையை நிரப்பும் படம் கிடைத்ததில் இருக்கிறது. அரங்கின் இந்த வடிவத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரையை மட்டும் சுவரளவு விரித்தால், பயன் முன்பாதி வரிசைகளோடு நின்றுவிடும். பெரிய திரைக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்க்கும்போது, வாங்கிய பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களே என்றுதான் தோன்றுகிறது.

நுணுக்கத்தைப் பற்றிய கணக்கும் இதே பாகையில்தான் அடங்கியிருக்கிறது. சராசரிக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைப் பிரித்தறியும். 2கே படத்தில் குறுக்காக 2,048 பிக்சல்கள் இருக்கின்றன. திரை 36 பாகையை நிரப்பும் இருக்கையிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பிக்சலும் ஏறத்தாழ அந்த எல்லையிலேயே நிற்கிறது. அங்கே 4கே என்பதால் பெரிய லாபம் இல்லை. திரை 60 பாகையை நிரப்பும் இடத்துக்கு வந்தால் 2கே பிக்சல் கண்ணின் எல்லையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு பெரிதாகிறது; எழுத்துகளின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும், தூரத்து முகங்கள் குழையும். 4,096 பிக்சல் கொண்ட 4கே படம் அந்தத் தூரத்துக்கும் போதுமானது. இதிலிருந்து ஒரு விந்தையான முடிவு கிடைக்கிறது. 2கே போதாமல் போவது திரை பார்வையை நிரப்பும் இருக்கைகளில், முக்கியமாகப் பெரிய திரையின் முன்வரிசைகளில். ஆனால் 2008க்குப் பிறகு மாற்றியமைக்கப்பட்ட அரங்குகள் பல ஆண்டுகளாகப் பெரிய திரையையும் 2கே புரொஜக்டரையும் ஒன்றாக வைத்து ஓடின. லேசர் புரொஜக்டர்கள் வந்த பிறகு அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. அப்போதும் இன்னொரு விஷயம் மிச்சம் இருக்கிறது: கணினி வரைகலை மிகுந்த பல பெரிய படங்கள் செலவையும் நேரத்தையும் கருதி 2கேயிலேயே முடிக்கப்பட்டன. அப்படிப்பட்ட படத்தை 4கே புரொஜக்டர் எவ்வளவு அழகாக ஊதிப் பெரிதாக்கினாலும், படத்தில் இல்லாத விவரம் திரையில் முளைக்காது.

சட்டகத்தின் வடிவத்தில்தான் விளம்பரம் மிகவும் சாமர்த்தியமாகப் பேசுகிறது. பெரும்பாலான பிரம்மாண்டப் படங்கள் 2.39:1 என்ற அகன்ற விகிதத்தில், அதாவது உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலத்தில், வெளியாகின்றன. டிஜிட்டல் ஐமாக்ஸ் திரைகளில் பெரும்பாலானவை 1.90:1, பழைய சுருள் அரங்குகளும், இரட்டை லேசர் பொருத்திய சில அரங்குகளும் 1.43:1. அகலம் மாறாதபோது 2.39இலிருந்து 1.90க்கு வந்தால் உயரம் சுமார் 26 விழுக்காடு கூடும். 'மற்ற அரங்குகளைவிட 26 விழுக்காடு கூடுதல் படம்' என்ற விளம்பர வரி இந்தக் கணக்கிலிருந்து வருகிறது, கணக்கும் சரிதான். ஆனால் அது, அந்த உயரத்துக்கெனத் தயாரிக்கப்பட்ட படங்களுக்கு, பல நேரங்களில் அந்தப் படங்களின் சில காட்சிகளுக்கு மட்டுமே பொருந்தும். அப்படித் தயாரிக்கப்படாத படம் அதே திரையில் ஓடினால், மேலும் கீழுமாகத் திரையின் ஐந்தில் ஒரு பங்கு வெறுமையாகக் கிடக்கும்; 1.43 திரையில் ஐந்தில் இரண்டு பங்கு.

கூடுதலாகத் தெரியும் அந்தப் பகுதியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 'தி டார்க் நைட்' 2008இல் சில காட்சிகளை ஐமாக்ஸ் கேமராவில் எடுத்து, அந்த இடங்களில் மட்டும் சட்டகம் மேலும் கீழும் விரியும்படி செய்தது. நகரத்துக் கோபுரங்களின் உச்சியிலிருந்து கீழே பார்க்கும் காட்சியில் அந்த விரிவு வயிற்றில் உணரத்தக்கது. ஆனால் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்படும் பல படங்களில் ஒளிப்பதிவாளர் அகன்ற சட்டகத்தையே முதன்மையாகக் கொண்டு காட்சியை அமைக்கிறார்; ஏனென்றால் பெரும்பான்மைப் பார்வையாளர்கள் அதைத்தான் பார்க்கப்போகிறார்கள். அப்போது பிரீமியம் திரையில் கிடைக்கும் கூடுதல் உயரத்தில் கொஞ்சம் வானமும் கொஞ்சம் தரையும் தவிர வேறெதுவும் இராது. நெருக்கமான முகக்காட்சிகளில் தலைக்கு மேல் தேவையற்ற வெற்றிடம்கூட விழும். கேமராவே ஐமாக்ஸ் நிறுவனத்தின் சான்று பெற்றதா, இரண்டு வடிவங்களையும் மனதில் வைத்துப் படம்பிடித்தார்களா என்பதைப் பொறுத்து ஒரே விளம்பர வரி மெய்யாகவும் வெறும் எண்ணாகவும் மாறுகிறது.

இனி வெளிச்சம். பிரீமியம் அரங்கும் சாதாரண அரங்கும் மிகத் தெளிவாக வேறுபடும் இடம் இது; விளம்பரத்தில் குறைவாகவே பேசப்படும் இடமும் இதுதான். டிஜிட்டல் சினிமாவுக்கு ஹாலிவுட் நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த தரவரையறை, வெள்ளைத் திரையின் நடுவே 48 நிட், அதாவது 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. படத்தின் வண்ணமும் நிழலும் சீரமைக்கப்படுவது இந்த அளவை நம்பித்தான். இருட்டில் நடக்கும் ஒரு காட்சியில் முகத்தின் பாதி நிழலுக்குள் கரைய வேண்டும், ஆனால் கண் மட்டும் மினுங்க வேண்டும் என்று வண்ணக் கலைஞர் முடிவெடுத்திருந்தால், வெளிச்சம் பாதியாகக் குறைந்த அரங்கில் அந்தக் கண்ணும் சேர்ந்து காணாமல் போகும். அப்படிக் குறைவது அரிதல்ல. செனான் விளக்கு எரிய எரிய மங்கும். அதை மாற்றச் செலவாகும் என்பதால் தள்ளிப்போடுவார்கள். புரொஜக்டர் அறையின் கண்ணாடியில் தூசு படியும், திரையே ஆண்டுகள் ஆக ஆக அழுக்கேறி மஞ்சளிக்கும்.

2011இல் 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதைப் பொதுப் பேச்சாக்கியது. முப்பரிமாணப் படத்துக்கெனப் பொருத்திய இரட்டை லென்ஸைக் கழற்றாமலேயே சாதாரணப் படங்களையும் ஓட்டும் பழக்கம் பல அரங்குகளில் இருந்தது. அதனால் படத்தின் வெளிச்சத்தில் பெரும்பகுதி திரையைச் சேராமலே போனது. படம் ஓடும்போது பின்னால் திரும்பிப் புரொஜக்டர் அறைச் சன்னலைப் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றைகள் தெரியும், அதுதான் அடையாளம். இந்த நிலையிலிருக்கும் அரங்கிலிருந்து எழுந்து ஒரு லேசர் அரங்குக்குப் போகிறவர் 'எவ்வளவு வித்தியாசம்!' என்று வியப்பது இயல்பு. ஆனால் அவர் ஒப்பிடுவது சாதாரணத் தரத்தையும் உயர்தரத்தையும் அல்ல. கவனிப்பாரற்ற ஓர் அரங்கையும் கவனிக்கப்படும் ஓர் அரங்கையும். லேசரின் பெரிய நன்மையும் இதைச் சார்ந்ததே: அது செனான் விளக்கைவிட நெடுங்காலம் மங்காமல் ஒரே அளவில் எரியும். அரங்கை நடத்துபவர் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் படம் கெடாது.

முப்பரிமாணப் படத்தில் லாபம் இன்னும் பெரிது. கண்ணாடியும் வடிகட்டியும் ஒளியை விழுங்கிவிடுவதால், சாதாரண அரங்கில் அத்தகைய படம் கண்ணைச் சேரும்போது 4.5 ஃபுட்-லாம்பர்ட் அளவுக்கு இறங்கிவிடுவது வழக்கம்; தரவரையறையில் மூன்றில் ஒரு பங்கு. இரட்டை லேசர் புரொஜக்டர்கள் முப்பரிமாணத்திலும் 14 ஃபுட்-லாம்பர்ட்டை எட்டக்கூடியவை. கண்ணாடி போட்டுப் பார்க்கும் படத்துக்கு மட்டுமாவது இந்தக் கூடுதல் கட்டணத்தைக் கேள்வி கேட்காமல் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

டால்பி சினிமா தரவரையறையைத் தாண்டியே போகிறது. 2014 இறுதியில் நெதர்லாந்தில் முதல் அரங்கைத் திறந்த அந்த நிறுவனம், இரட்டை லேசர் புரொஜக்டர்களின் மூலம் உச்ச வெளிச்சத்தை சுமார் 108 நிட்டாக உயர்த்தியது. வழக்கமான அளவைப் போல இருமடங்குக்கும் மேல்; என்றாலும் கண்ணுக்கு இருமடங்காகத் தெரியாது, ஒரு படி கூடியதாகத் தெரியும். அதைவிட முக்கியமானது கறுப்பு. சாதாரண டிஜிட்டல் புரொஜக்டர் ஒளியை முழுவதுமாக மறைக்க முடியாமல் கொஞ்சம் கசியவிடும். காட்சி முற்றிலும் இருண்டு அடுத்த காட்சிக்குக் காத்திருக்கும் அந்த இரண்டு விநாடிகளில், திரை சாம்பல்நிறச் செவ்வகமாகச் சுவரிலிருந்து பிரிந்து தெரியும். டால்பி அரங்குகளில் படத்துக்கு முன் காட்டப்படும் செய்முறைப் படம் முதலில் அந்தச் சாம்பலைக் காட்டி, இதைத்தான் இதுவரை கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்லிவிட்டு, அதை அணைத்துவிடும். திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. விளம்பரம் தன் சொல்லைக் கண்முன்னே நிரூபித்துக் காட்டும் அரிய தருணம் அது.

பத்து லட்சத்துக்கு ஒன்று என்று அந்த நிறுவனம் சொல்லும் ஒளிமாறுபாட்டு விகிதத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். முழு வெள்ளைத் திரையையும் முழுக் கறுப்புத் திரையையும் அடுத்தடுத்து அளந்து கிடைக்கும் எண் அது. ஒரே காட்சியில் பாதி வெளிச்சமும் பாதி இருளும் இருந்தால், வெளிச்சமான பாதி சுவரிலும் இருக்கையிலும் பார்வையாளர்களின் சட்டையிலும் பட்டுத் திரும்பி இருண்ட பாதியின் மேல் விழும். அவசர வழிப் பலகையின் விளக்கும் அதோடு சேரும். அப்போது கிடைக்கும் விகிதம் அந்த எண்ணின் அருகில்கூட வராது. அந்த அரங்குகளின் சுவர், கூரை, இருக்கை எல்லாம் பளபளப்பில்லாத கறுப்பில் இருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சியைவிட இந்தச் சிக்கல்தான். மேலும், டால்பி விஷன் என்ற அந்நிறுவனத்தின் பட வடிவத்துக்கெனத் தனியே வண்ணச் சீரமைப்பு செய்யப்பட்ட படங்களுக்குத்தான் அந்த அதிக வெளிச்ச வரம்பு பயன்படும். மற்றவை வழக்கமான வரம்புக்குள்ளேயே ஓடும், கறுப்பு மட்டும் ஆழமாக இருக்கும்.

வெளிச்சமும் அளவும் கூடக் கூட எல்லாம் நன்மையாகவே முடியும் என்று எண்ணவும் கூடாது. விநாடிக்கு 24 சட்டகம் என்ற நூற்றாண்டுப் பழக்கம், மிதமான வெளிச்சமுள்ள திரைகளில் வளர்ந்த ஒன்று. பெரிய, பிரகாசமான திரையில் கேமரா வேகமாகப் பக்கவாட்டில் திரும்பும்போது, ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பொருள்கள் கடக்கும் தூரம் அதிகமாகி, படம் தத்தித் தத்தி நகர்வது துல்லியமாகத் தெரியும். சிறிய திரையில் கண் மன்னித்துவிடும் குறை இது. ஒளிப்பதிவாளர்கள் பெரிய திரைக்கென எடுக்கும்போது கேமராவை மெதுவாகத் திருப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலியைப் பொறுத்தவரை விளம்பரம் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்கிறது. 2012இல் வந்த டால்பி அட்மாஸ் என்ற ஒலிமுறை 128 ஒலித்தடங்கள் வரை கையாண்டு, 64 தனித்தனி ஒலிபெருக்கி வழிகளுக்கு அனுப்பும் திறன் கொண்டது. ஐமாக்ஸ் லேசர் அரங்குகளில் 12 வழி ஒலி இருக்கிறது. தலைக்கு மேல் மழை பெய்வதும் ஹெலிகாப்டர் பின்னிருந்து முன்னுக்கு நகர்வதும் உண்மையாகவே நன்றாக இருக்கும். ஆனால் ஒரு படத்தின் ஒலியில் பெரும்பகுதி உரையாடல். அது நடுத்திரைக்குப் பின்னாலிருக்கும் ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. உரையாடல் தெளிவாகக் கேட்கிறதா என்பதை அந்த ஒலிபெருக்கியின் தரமும், அரங்கின் எதிரொலியும், ஒலியளவு எந்த எண்ணில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதும்தான் முடிவுசெய்கின்றன. திரையரங்கு ஒலிக்கருவியில் 7 என்ற எண் தரவரையறை அளவு. படத்தின் ஒலிக்கலவை அந்த அளவில்தான் கேட்டுக் கேட்டு முடிவாகிறது. சத்தம் அதிகம் என்று யாரோ ஒருவர் முறையிட்டதும் 5க்கு இறக்கி, அப்படியே மறந்துவிடும் அரங்குகள் உண்டு. அங்கே முணுமுணுப்பாகச் சொல்லப்பட்ட வசனம் யாருக்கும் கேட்காது. பிரீமியம் அரங்குகளில் அளவை உயர்த்தியே வைப்பதால் 'ஒலி அபாரம்' என்ற பெயர் எளிதில் கிடைக்கிறது. அதிர்வொலியை அளவுக்கு மீறி ஏற்றி வைத்து, அபாரத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள கோட்டைத் தாண்டிவிடும் அரங்குகளும் இல்லாமல் இல்லை. அசையும் இருக்கை, பக்கச் சுவர்களிலும் படம் காட்டும் ஏற்பாடு போன்றவை வேறு வகை. அவை படத்தின் தரத்தைப் பற்றிய வாக்குறுதியே அல்ல என்பதால் இங்கே விட்டுவிடலாம்.

இவ்வளவுக்கும் மேலாக, பிரீமியம் பெயருக்குப் பின்னால் விற்கப்படும் முக்கியமான பொருள் கண்காணிப்பு. ஐமாக்ஸ் அரங்குகளில் மைக்குகளும் கேமராக்களும் பொருத்தப்பட்டு, ஒலியும் ஒளியும் நாள்தோறும் தானாகவே சரிபார்க்கப்படுகின்றன. நிறுவனத்தின் மையத்திலிருந்து தொலைவிலேயே அதைக் கவனிக்கிறார்கள். ஒரு ஒலிபெருக்கி பழுதானால் பார்வையாளர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலை அங்கே இல்லை. டால்பியும் தன் அரங்குகளின் வடிவமைப்பு முதல் பொருத்துதல் வரை தானே வரையறுக்கிறது. திரையரங்கு நிறுவனங்கள் தாமாகப் பெயர் சூட்டிக்கொண்ட அரங்குகளுக்கு இப்படி வெளியிலிருந்து யாரும் பொறுப்பேற்பதில்லை. அவற்றில் சில மிகச் சிறந்தவை, இரட்டை லேசரும் அட்மாஸும் சேர்ந்தவை. சில, வளாகத்திலேயே பெரிய அரங்குக்குச் சாய்வு இருக்கையும் புதிய பெயர்ப்பலகையும் போட்டவை. பெயரைப் பார்த்து எது எந்த வகை என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் கண்காணிப்பைப் பெயரிலிருந்து பிரித்து விற்ற காலமும் ஒன்று இருந்தது. 1983இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துக்காக டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய டிஎச்எக்ஸ், கருவி எந்த நிறுவனத்துடையது என்று பாராமல், அரங்கின் பின்னணி இரைச்சல், எதிரொலி, பார்வைக் கோணம், வெளிச்சம் ஆகியவற்றை அளந்து சான்று கொடுத்தது. தரத்தைத் தக்கவைக்காத அரங்கு அந்த முத்திரையை இழக்க வேண்டியிருந்தது. இன்றைய பிரீமியம் பெயர்களில் கருவியை விற்பவரும், விளம்பரம் செய்பவரும், தரம் சரி என்று சொல்பவரும் ஒருவரே. அவர் பொய் சொல்கிறார் என்பது இதன் பொருளல்ல. ஆனால் ஒரு நகரத்தில் நன்கு பராமரிக்கப்படும் சாதாரண அரங்கு ஒன்று இருந்தால், அதை அடையாளம் காட்டுவதில் அவருக்கு எந்த லாபமும் இல்லை. டிஎச்எக்ஸ் போன்ற முத்திரை அரங்குகளிலிருந்து மங்கிப்போனதில் அதிகம் இழந்தவர்கள் சாதாரணக் கட்டணம் கொடுப்பவர்கள்தான்.

ஆகவே எதற்கு எங்கே போகலாம் என்ற கேள்விக்குப் படத்தை வைத்துத்தான் விடை சொல்ல முடியும். 1.43 சட்டகத்துக்கென எடுக்கப்பட்ட படத்தை அந்த வடிவத்தைக் காட்டக்கூடிய சில அரங்குகளில் ஒன்றில் பார்ப்பதற்கு மாற்றே இல்லை. அங்கே விளம்பரம் சொல்வதைவிட அனுபவம் பெரிது. இரவுக் காட்சிகளும் விண்வெளியும் நிறைந்த படத்துக்கு அளவைவிடக் கறுப்பு முக்கியம் என்பதால் டால்பி வகை அரங்கு பொருந்தும். 2.39 சட்டகத்தில் மட்டும் வெளியாகும் படத்தை 1.90 திரையில் பார்ப்பதில் வடிவம் சார்ந்த லாபம் இல்லை. அந்தத் திரை பக்கத்து அரங்கின் திரையைவிட எவ்வளவு அகலம் என்பதே மிஞ்சும் கேள்வி. முகங்களாலும் பேச்சாலும் நகரும் படத்துக்கு, விளக்கு மங்காத, ஒலி 7இல் நிற்கும் சாதாரண அரங்கின் நடுவரிசை போதும். இவற்றைத் தீர்மானிக்கத் தேவையான திரையின் அகலம், விகிதம், புரொஜக்டரின் வகை ஆகிய மூன்றும் ஒவ்வொரு அரங்கிடமும் இருக்கும் விவரங்கள். முன்பதிவுப் பக்கத்தில் இருக்கையின் நிறம்கூடத் தெரிகிறது, இவை மட்டும் தெரிவதில்லை.

தொழில்நுட்பம் போகும் திசையும் கவனிக்கத்தக்கது. புரொஜக்டரே இல்லாமல், திரையே ஒளிரும் எல்இடி முறையைச் சாம்சங் நிறுவனம் 2017இல் சியோல் நகரின் லோட்டே சினிமா அரங்கு ஒன்றில் வணிகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதில் அணைந்த பிக்சல் ஒளியே உமிழாது என்பதால் கறுப்பு கசிவதில்லை. உச்ச வெளிச்சமும் தரவரையறையைப் போலப் பல மடங்கு வரை போகும். திரையில் துளையிட்டுப் பின்னாலிருந்து ஒலியை அனுப்ப முடியாது என்பதால் நடு ஒலிபெருக்கியை எங்கே வைப்பது என்ற புதிய சிக்கல் வந்தது. விலையும் அதிகம், பெரிதாகப் பெரிதாக இன்னும் அதிகம். அந்த முதல் திரையின் அகலம் சுமார் 10 மீட்டர், ஒரு நடுத்தர மல்டிபிளெக்ஸ் அரங்கின் அளவுதான்.